எட்டாம் நம்பர் ஷூ

காலை பதினொரு மணிக்கே தளவாயின் இடது கால் சுண்டுவிரல் அழ ஆரம்பித்துவிட்டது. கடை மூட இன்னும் பத்து மணி நேரம் கிடந்தது.

"வாங்க வாங்க, ஆலங்குளத்து மதினி! மூத்தவளுக்கா, இளையவளுக்கா கல்யாணம்?"

"இளையவளுக்குத்தான் அண்ணாச்சி. என்ன, கண்ணு கலங்கியிருக்கு?"

"சந்தோஷந்தான் மதினி. நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம்லா!"

மதினி உருகிப் போய் உள்ளே சென்றாள். அன்றைக்கு அவள் கூடுதலாக இரண்டு பட்டு எடுத்திருப்பாள்.

தென்காசி பொன்மலர் சில்க்ஸ் வாசலில் தளவாய் நிற்பது இது இருபத்திரண்டாவது வருஷம். எந்த ஊரில் யார் வீட்டில் எப்போது விசேஷம் என்பது அவருக்கு அத்துப்படி. வாசல்தான் அவருக்கு உத்தியோகம், கௌரவம், பொழுதுபோக்கு எல்லாம். இத்தனை வருஷமும் தேய்ந்த ரப்பர் செருப்போடு நின்றார். ஒரு குறையும் இல்லை. தீபாவளி முடிந்த கையோடு நிர்மலாதேவி வந்தாள், ஷூவும் வந்தது.

நிர்மலாதேவி, முதலாளி செல்லப்பாவின் ஒரே மகள். கோயம்புத்தூரில் மேனேஜ்மென்ட் படித்தவள். முதல் நாளே எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துக் காலைப் பார்த்தாள்.

"இனிமே எல்லாரும் கறுப்பு லெதர் ஷூ. அப்பாவில இருந்து வாட்ச்மேன் வரைக்கும் ஒரே ரூல். ஷூ போட முடியாதவங்க குடோனுக்குப் போயிரலாம். உங்க சைஸ் என்ன தளவாய் அண்ணாச்சி?"

தளவாய் தன் ரப்பர் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். எட்டு என்று போட்டிருந்தது. குதிகால் ஒரு விரற்கடை வெளியே தொங்கிக்கொண்டுதான் அவர் இத்தனை வருஷம் நடந்தார் என்பதைச் செருப்பு சொல்லவில்லை.

"எட்டு மேடம்," என்றார் கம்பீரமாக.

மொத்தமாக வாங்கிய சரக்கு, திருப்பி எடுக்க மாட்டார்கள். அதைவிட மோசம், ஷூவைக் கொடுத்த அன்று, "போட்டதே தெரியல மேடம், பூ மாதிரி இருக்கு," என்று தளவாய் எல்லோர் முன்னாலும் சொல்லித் தொலைத்திருந்தார். சொன்ன வாயை இப்போது எப்படித் திருப்புவது? வாசலில் ஒரு ஸ்டூல் உண்டு. ஆனால் அதில் எந்நேரமும் யாராவது ஒரு கணவர், உள்ளே போன மனைவிக்காகக் காத்து உட்கார்ந்திருப்பார்.

முதலில் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுப் பார்த்தார். மெத்தென்று இருக்கும் என்பது கணக்கு. மத்தியானத்துக்குள் கால் இரண்டும் அவித்த பனங்கிழங்காகிவிட்டன. மறுநாள் அவர் மனைவி உமாராணி யோசனை சொன்னாள்.

"பவுடரை நல்லா தட்டிப் போட்டுட்டுப் போங்க. வேர்க்கவே வேர்க்காது."

அரை டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு போனார். ஒவ்வோர் அடிக்கும் ஷூவின் ஓரத்திலிருந்து புஸ்ஸென்று வெள்ளைப் புகை வந்தது. சிவப்புக் கம்பளத்தில் வாசலிலிருந்து கல்லாப்பெட்டி வரை கிருஷ்ண ஜெயந்திக்குப் போட்டதுபோல வெள்ளைப் பாதங்கள் பதிந்துவிட்டன, கொஞ்சம் பெரிய கிருஷ்ணனாக. நிர்மலாதேவி அதைப் பார்த்தாள், தளவாயைப் பார்த்தாள், விளக்குமாறு கொண்டுவரச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. கடையநல்லூரில் செருப்புக்கடை வைத்திருக்கும் துல்கர்னைன் பாயிடம் போய்க் காலை நீட்டினார். பாய் காலையும் பார்த்தார், ஷூவையும் பார்த்தார்.

"இது உங்க ஷூவா, உங்க மகன் ஷூவா?"

"என்னோடதுதான் பாய்."

"அண்ணாச்சி, நாள் பூரா நிக்குத கால் சாயங்காலம் வீங்கும். அதனால ஷூவ சாயங்காலம் அளவு பாத்துத்தான் வாங்கணும். உங்க காலுக்கு ஒம்பது வேணும். வேற வாங்கிப் போடுங்க."

"வேற போட முடியாது பாய். எல்லாருக்கும் ஒரே மாதிரி கடை பேரு அடிச்ச ஷூ."

"அப்போ இதைத்தான் பெருசாக்கணும். ஒரு பையில அரைவாசி தண்ணி கட்டி ஷூவுக்குள்ள வச்சு, பிரீசர்ல வைங்க. தண்ணி ஐஸ் ஆகும்போது விரியும்லா, ஷூவும் சேந்து விரிஞ்சிரும். துபாயில என் தம்பி அப்படித்தான் செய்வான். பைய மட்டும் நல்ல பையா பாத்து வைங்க."

பாய் சொன்னதில் கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றதையெல்லாம் தளவாய் ஒழுங்காகச் செய்தார். மறுநாள் காலை அடுக்களையிலிருந்து உமாராணியின் குரல் தெருமுனை வரை கேட்டது.

"சாளை மீனுக்குப் பக்கத்துல செருப்பக் கொண்டு வச்சிருக்கீயளே, உங்களுக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?"

"செருப்பு இல்லட்டி, ஷூ."

"ஷூன்னா மீனுக்குத் தெரியுமாக்கும்!"

பை கிழிந்திருந்தது. மீன் தண்ணீரும் ஷூ தண்ணீரும் ஒன்றாகக் கலந்து உறைந்திருந்தன. கரைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு ஓடியதில், ஷூ ஓர் இழைகூட விரியவில்லை என்பது பஸ் ஸ்டாண்டு தாண்டும்போதுதான் தெரிந்தது. பட்ட காலிலே படும் என்று முதலில் சொன்னவர் நிச்சயம் ஏதோ ஜவுளிக்கடையில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

அன்றைக்கு முகூர்த்தக் கூட்டம். தளவாய் நடந்தால் 'புளிச், புளிச்' என்று சத்தம் வந்தது. கல்யாண வீட்டார் ஒருவர் மூக்கைச் சுளித்து, "என்ன அண்ணாச்சி, பட்டுக்கடையில மீன் வாடை அடிக்கி?" என்றார். பதில் சொல்லத் திரும்பினார் தளவாய். ஈர ஷூ டைல்ஸில் வழுக்கியது. விழுகிறவருக்கு எதைப் பிடிக்கிறோம் என்று தெரியுமா? முகூர்த்தப் பட்டு கட்டி நிறுத்தியிருந்த மணப்பெண் பொம்மையை இறுக்கிக் கட்டிப்பிடித்து, அதோடு சேர்ந்து தரையில் உருண்டார். பொம்மையின் கை ஒன்று கழன்று, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் மடியில் போய் விழுந்தது.

நிர்மலாதேவி அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"போட முடியலேன்னா சொல்லிருங்க அண்ணாச்சி. குடோன்ல ஷூ வேண்டாம். வாசலுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்."

"சேச்சே! பூ மாதிரி இருக்கு மேடம்," என்றார் தளவாய். இரண்டு முழங்காலிலும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வாசலில் வேறொருவன் நின்று வாங்க வாங்க என்பதை நினைத்தபோது, காலைவிட நெஞ்சுதான் அதிகமாக வலித்தது.

கார்த்திகை பிறந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிற ஐயப்ப சாமிமார்களால் ஊரே கறுப்பாயிற்று. இரண்டாம் நாள் முதலாளி செல்லப்பா கறுப்பு வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறும் கழுத்தில் மாலையுமாகக் கடைக்கு வந்தார். அறுபத்தொரு வயதில் முதல் மாலை, கன்னிசாமி. வெறுங்காலோடு கம்பளத்தின்மேல் அவர் நடந்து போன அழகில் தளவாய்க்குக் கண் கலங்கியது. இந்த முறை சுண்டுவிரல் காரணமில்லை, நிஜமான பக்திதான்.

அந்தப் பக்திக்குப் பின்னாலேயே ஒரு கெட்ட எண்ணமும் வந்தது. மாலை போட்ட சாமியைச் செருப்புப் போடு என்று சொல்ல இந்த ஊரில் யாருக்குத் துணிச்சல் உண்டு?

மறுநாள் விடியலில் ஐந்தருவியில் குளித்து, கோயிலில் மாலை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நிர்மலாதேவி அவர் காலைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், கை தானாகக் குவிந்தது.

"சாமி சரணம்," என்றாள்.

பத்து விரலும் தனித்தனியாக மூச்சுவிட்டன. வீட்டில் உமாராணிகூட, "சாமி, சாப்பிட வாங்க," என்றாள். அவளிடமிருந்து இந்த மரியாதையை அவர் கல்யாணத்தன்றுகூடப் பெற்றதில்லை. ஆனால் கல்லாவில் முதலாளியைப் பார்க்கும்போதெல்லாம் கூசியது. மனுஷன் உண்மையாக விரதம் இருக்கிறார், நாம் ஐயப்பனையே ஏமாற்றுகிறோமே என்று.

முதலாளியும் அவர் மாலையைப் பார்த்த அன்று ஒரு மாதிரி வெலவெலத்துத்தான் போனார்.

"நீயும் போட்டுட்டியா தளவாய்?"

"ரொம்ப நாள் வேண்டுதல் சாமி."

"ஆமா ஆமா. எனக்கும் ரொம்ப நாள் வேண்டுதல்தான்."

அதோடு போயிருக்கலாம். ஒரு வாரம் கழித்து நிர்மலாதேவி இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். மேஜைமேல் ஒரு பேனர். அதில் முதலாளியும் தளவாயும் கைகூப்பி நின்றார்கள். கீழே, 'தென்காசி முதல் சபரிமலை வரை பாதயாத்திரை' என்றிருந்தது.

"முதலாளியும் தொழிலாளியும் ஒண்ணா, வெறுங்காலோட, அச்சன்கோவில் வழியா நடந்தே போறீங்க. கடைக்கு இதைவிட நல்ல பேர் கிடைக்குமா?"

இருவரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

"தளவாய் சாமிக்குக் கஷ்டமா இருக்கும் பாப்பா," என்றார் முதலாளி மெல்ல. "அவரு வேணா பஸ்ல வரட்டும். துணைக்கு நானும் பஸ்லயே..."

எவ்வளவு பெரிய மனசு! தளவாய் உருகிவிட்டார். இவ்வளவு நல்ல மனுஷனுடைய யாத்திரையை நம் காலுக்காகக் கெடுப்பதா?

"எனக்கு என்ன கஷ்டம் சாமி? நீங்க நடந்தா நானும் நடக்கேன்!"

முதலாளி அவரை வெகுநேரம் பார்த்தார். "சந்தோஷம்," என்றார்.

மார்கழியில் ஒரு நாள், மேளதாளத்தோடு புறப்பட்டார்கள். செங்கோட்டை வரை உற்சாகமாகவே போயிற்று. அதற்கப்புறம் வெயில் ஏறியது, தார்ச்சாலை காய்ந்தது, ஜல்லி ஒவ்வொன்றும் ஆளைப் பார்த்துக் குத்தியது. புளியரை வருவதற்குள் தளவாயின் இரண்டு உள்ளங்காலும் கொப்புளமாகிவிட்டன. எதிரே மலை நின்றது. இந்த நேரத்தில் அந்த எட்டாம் நம்பர் ஷூ கிடைத்தால்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்.

கூடவே சாப்பாட்டு வேனில் வந்த டிரைவர் மகாராஜா, ஒரு மரத்தடியில் முதலாளியை உட்கார வைத்துவிட்டு, வாளியும் விளக்கெண்ணெயுமாகத் தளவாய் உட்கார்ந்திருந்த பாலத்துக்கு வந்தான். காலைத் தூக்கிப் பார்த்து, "எய்யா!" என்றான்.

தளவாய்க்குத் தாங்கவில்லை. இருபத்தெட்டு நாளாக நெஞ்சில் கிடந்தது உடைந்துவிட்டது.

"மகாராஜா, ஒரு உண்மையச் சொல்லுதேன் கேளு. நான் பக்தியில மாலை போடல. அந்த ஷூ கடிச்ச கடி தாங்காமத்தான் போட்டேன். ஐயப்பன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். ஆனா முதலாளிகிட்ட மட்டும் சொல்லிராதப்பா. அவரு மூஞ்சியில நான் முழிக்க முடியாது."

மகாராஜா எண்ணெய் தடவுவதை நிறுத்தினான். மரத்தடிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு சாவகாசமாகச் சொன்னான்:

"இதையே வார்த்தை மாறாம இப்பத்தான் சாமி அங்கன முதலாளியும் சொன்னாரு, 'தளவாய்கிட்ட மட்டும் சொல்லிராதலே'ன்னு."