பொடி போட்ட பட்டியும் போடாத பட்டியும்

ஒரு காட்டில் ராஜாவாக இருந்த புலிக்குப் பல் ஆடத் தொடங்கியது. இனிமேல் மெத்தென்ற கறிதான் இறங்கும் என்றாகிவிட்டது. உடனே ஒரு நரியைச் சம்பளத்துக்கு அமர்த்தி, "தீவனத்தில் எதைக் கலந்தால் குட்டிகளின் கறி மிருதுவாகும் என்று கண்டுபிடி. அதுவரை கஞ்சி குடித்துக்கொள்கிறேன்" என்றது.

நரி இரண்டு பட்டிகள் போட்டது. இரண்டிலும் செம்மறிக்குட்டிகள், இரண்டுக்கும் கடலைக்கொடியும் தவிடும். வலதுபக்கப் பட்டிக்கு மட்டும் கூடுதலாக ஒரு பொடி.

"கொழுத்த கறிதான் மெத்தென்று இருக்கும். எந்தப் பட்டி நன்றாகக் கொழுக்கிறதோ, அந்தத் தீவனத்தையே எல்லாருக்கும் போட்டு விருந்து வைத்துவிடலாம், ராஜா" என்று நரி விளக்கியதை, இடதுபக்கப் பட்டியில் இருந்த செவலைக்குட்டி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டது.

அதிலிருந்து அதற்குத் தூக்கமில்லை. சாகப்போகிறோமே என்பது ஒரு கவலை. பக்கத்துப் பட்டிக்குப் போடும் பொடி தனக்கு இல்லையே என்பது இன்னொரு கவலை. இரண்டில் எது பெரிது என்று தன்னையே கேட்டுப் பார்த்தது. வந்த பதில் அதற்கே வெட்கமாக இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மயிலைக்குட்டி நின்றது.

"மாப்ளே, அந்தப் பொடி எப்படி இருக்கு?"

"புளிச்ச மாவு மாதிரி. உன் வெறுந்தவிட்டைப் பார்த்தாத்தான் எனக்கு எச்சில் ஊறுது."

"அப்ப தொட்டியை மாத்திக்கலாமா?"

இரண்டும் வேலியிடுக்கில் தலையை நுழைத்து அடுத்தவர் தொட்டியில் தின்றன. பார்த்த மற்றக் குட்டிகள் சும்மா இருக்குமா? அவையும் ஆடுகள்தானே!

எடை போட்டபோது இரண்டு பட்டியும் ஒன்றுபோலவே நின்றன. நரி தலையைச் சொறிந்தது. "இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது, ராஜா." புலி பெருமூச்சு விட்டது. விருந்து தள்ளிப்போனது. செவலைக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. பொடி அலுத்துப்போன பிறகும், கடமை தவறாமல் வேலிக்குள் தலையை விட்டது.

ஒரு நாள் தலையை இழுப்பதற்குள் நரி வந்து நின்றுவிட்டது.

"ஏண்டா, எத்தனை நாளா நடக்குது இது?"

"ஆரம்பத்திலேர்ந்தே, டாக்டரய்யா."

நரி சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு வேலியிலிருந்து இரண்டு கழிகளை உருவி இடுக்கைப் பெரிதாக்கியது.

"காது மாட்டிக்கப்போகுது. தாராளமா சாப்பிடு. முடிவு தெரிஞ்சா உனக்கு உயிர் போகும், எனக்கு வேலை போகும்."

நீதி: உயிர்மேல் ஆசை உள்ளவர்கள் ஆராய்ச்சியை முடியவிடக் கூடாது, அதற்கு ஆராய்ச்சியாளரைவிட நல்ல கூட்டாளி கிடைக்கமாட்டார்.