நடிகையின் முதுகைக் கண்டவர்

லண்டனில் 'கண்டவர்' என்றொரு இனம் பெருகி வருகிறது. யாரைக் கண்டவர் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் போனை எடுப்பார், இரண்டு விரலால் படத்தை விரிப்பார், அதில் பாதிப் பேருந்தும் முழுக் குப்பைத்தொட்டியும் போக மிஞ்சுகிற கறுப்புக் கோட்டைச் சுட்டி, "ஆளைத் தெரியுதோ?" என்பார். தெரியாது. யாருக்குத் தெரியும்?

ஹரோவில் வசிக்கும் பிரதாபன் இந்த இனத்தின் தலைமகன். இங்கே வருமுன் பன்னிரண்டு வருடம் இத்தாலியில், பலேர்மோவில் இருந்தவர். ஆகவே பாஸ்தா, பந்து, பாப்பரசர் எதுவானாலும் அவர் சொல்வதே முடிவு. அப்படிப்பட்டவர், பேர்பெற்ற இத்தாலிய நடிகை ஒருவர் ஊருக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டால் சும்மா இருப்பாரா? பிக்கடிலிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு எதிரே காலையிலிருந்து மழையில் நின்று, அம்மணி வாசலிலிருந்து காருக்குப் போன நான்கு விநாடிக்குள் ஒரு படம் எடுத்தார்.

போன ஞாயிறு அவர் குட்மேய்ஸுக்கு, தங்கை கிரிஜாவைச் சமாதானம் செய்யப் போனார். கிரிஜாவின் மகள் விதுஷா பெரியபிள்ளையானதற்கு நடந்த சாமத்திய வீட்டுக்கு, வேலையென்று சாட்டுச் சொல்லி அவர் வரவில்லை. தாய்மாமன் வார்க்க வேண்டிய தண்ணீரைப் பக்கத்து வீட்டுக் கணேசலிங்கம் வார்த்தார். "பாவம், அண்ணைக்கு ஷிப்ட்" என்று சபையில் சொல்லிச் சொல்லி மானம் காத்தவள் கிரிஜா.

போய் உட்கார்ந்ததும் போன் வெளியே வந்தது.

"மாமா, இதில முதுகுதானே தெரியுது?" என்றாள் விதுஷா.

"இத்தாலிக்காரிக்கு முதுகிலயும் முகம் இருக்கு, பிள்ளை!"

"இன்டர்நெற்றில எடுத்ததோ?"

ஒரு கண்டவரை இதைவிட அவமதிக்க முடியுமா?

"நெற்றோ? போன மாசம் பதினேழு, சனிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டே கால்!"

தேத்தண்ணி வைக்க எழுந்த கிரிஜா திரும்ப உட்கார்ந்தாள்.

"அண்ணை, அண்டைக்குத்தானே பிள்ளைக்குத் தண்ணி வார்த்தது?"

பிரதாபன் படத்தை இன்னும் கொஞ்சம் விரித்தார்.

"நெற்றில எடுத்த படமெண்டு சொல்லுங்கோ. நான் நம்பிறன்."

எவ்வளவு பெரிய மனது! ஒரேயொரு பொய். தங்கையும் மிஞ்சுவாள், தாய்மாமன் உரிமையும் மிஞ்சும். பிரதாபன் தங்கையைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

"அதெப்பிடி? என்ர கையால எடுத்தனான்!"

குட்மேய்ஸில் இப்போது தாய்மாமன் பதவி காலியாக இருக்கிறது.

சிரிக்கிறீர்களா? நல்லது. அப்படியே உங்கள் போனையும் ஒருதரம் தட்டிப் பாருங்கள். ஓடி ஓடி எடுத்த யாரோ ஒருவருடைய படம் கிடைக்கும். அன்றைக்கு யாருக்கு என்ன சாட்டுச் சொன்னீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். படத்தின் அடியில் திகதி இருக்கிறது. உங்கள் தங்கைக்கும் வாசிக்கத் தெரியும்.