ரேட்டு விற்காத டிக்கெட்

கடவுளே நேரில் வந்து நின்றாலும், கும்பிடுவதற்கு முன் "இன்னா ரேட்டுக்குப் போறாரு?" என்று கேட்கக்கூடிய ஆள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒருவன்தான். அவன் பெயரே ரேட்டு. சம்பளச் சீட்டில் வேறு பெயர் உண்டு. அது ஆபீஸுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் பைப் கம்பெனியில் என் பக்கத்து மிஷின் அவனுடையது. இரண்டு அணிகள் மோதும் ஆட்டங்களில் யார் ஜெயிப்பார்கள் என்று டிக்கெட் வாங்கி விற்கும் ஒரு ஆப்பில் மூழ்கிக் கிடந்தான். திடீரென்று அந்த மாதிரி ஆப்களை மூடிவிட்டார்கள். சாவு வீட்டுக்காரன் போல கொஞ்ச நாள் திரிந்தவன், கேன்டீனிலேயே கடையைத் திறந்தான். காசுக்குப் பதில் டீ டோக்கன்.

"சூதாட்டம்தானடா இது?" என்றேன்.

"டேய், இது மார்க்கெட்டு. கபடில வெல்டிங்கும் பெயின்ட் ஷாப்பும் மோதுதுன்னு வெச்சுக்க. வெல்டிங் ஜெயிக்கும்னு ஒர்த்தன் ஏழு டோக்கன் தரான். பெயின்ட்டுக்கு இன்னொர்த்தன் மூணு. பத்தும் என் டப்பாவுல. ஜெயிச்ச டிக்கெட்டுக்கு பத்தும் போவும், தோத்தது குப்பை. ஏழுன்னா, பத்துல ஏழு பங்கு வெல்டிங்குன்னு ஜனம் நெனைக்குது. நடுவுல ஆட்டம் மாறுனா ரேட்டும் மாறும். வித்துட்டு போய்க்கினே இரு."

ஆண்டு விழா கேரம் ஃபைனலில் ஸ்டோர்ஸ் பாஸ்கரும் பேக்கிங் மேரியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டிக்கெட் விலை பாஸ்கர் எட்டு, மேரி இரண்டு. ரேட்டு பாஸ்கர் டிக்கெட்டுகளை அள்ளினான்.

"டேய், மேரி உன் பொண்டாட்டிடா!"

"மார்க்கெட்டுக்கு பொண்டாட்டியெல்லாம் தெரியாது."

பாதி ஆட்டத்தில் மேரி வரிசையாகக் காய்களைத் தள்ளினாள். ரேட்டு ஸ்டூல் மேல் ஏறி, "மேரி அஞ்சு! மேரி அஞ்சு! வாங்கறவன் வாங்கிக்கோ!" என்று கூவினான். மேரி ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்தாள்.

"நீ யார வெச்சினுகீற?"

பொய் சொல்லத் தெரியாத மூதேவி. "பாஸ்கரு."

அதன் பிறகு பாஸ்கர் ஸ்ட்ரைக்கரைத் தொடவே இல்லை. சிவப்புக் காய், அதற்கு ஃபாலோ, மிச்சம் எல்லாவற்றையும் அவளே போட்டாள். கைதட்டல் அடங்கியதும் கோப்பையை அவன் கையில் திணித்தாள்.

"எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். திரும்பி வருவனா மாட்டனான்னு அதுக்கும் டிக்கெட்டு வுடு."

அத்திப்பட்டுக்குப் போய்விட்டாள்.

எங்கள் ஆட்கள் ஈவிரக்கமற்ற பிறவிகள். மறுநாள் நாஷ்டா நேரத்தில் அந்த மார்க்கெட்டை நிஜமாகவே திறந்தார்கள். 'வரமாட்டா' எட்டு, 'வருவா' இரண்டு. ரேட்டு வந்தான். 'வருவா'வை ஒன்பது கொடுத்து வாங்கினான். அடுத்த நாளும் வாங்கினான். டீயே குடிக்காமல் வாங்கிக்கொண்டே இருந்தான்.

"ரெண்டுக்கு கெடைக்கறத ஒம்போதுக்கு வாங்கறியே, லூசா?" என்றேன்.

"'வருவா' ஒம்போதுல நிக்குது பாத்தியா? பத்துல ஒம்போது பங்கு வந்துடுவாடா."

அந்த ஒன்பதை நினைத்த ஜனம் அவன் ஒருவன்தான்.

மேரி அங்கேயே வேலை தேடிக்கொண்டாள். ஞாயிறுதோறும் ரேட்டு ரயிலேறிப் போவான். சோறு போடுவாள், கூட வரமாட்டாள். 'வரமாட்டா' கோஷ்டி, ரேட்டிடம் இருந்த டோக்கன் டப்பாவைத் திறக்கச் சொல்லி நச்சரித்தது.

"எந்தத் தேதிக்குள்ளன்னு டிக்கெட்டுல போட்டீங்களா? போடல. அப்ப ஆட்டம் முடியல," என்றான்.

இன்னும் டப்பாவைத் திறக்கவில்லை. கேன்டீனில் அவனோடு யாரும் உட்காருவதும் இல்லை. நான் இரண்டு டீ வாங்கி, ஒன்றை அவன் முன்னால் வைத்துவிட்டு, ஆறுவதற்குள் குடிடா என்பேன்.