அத்தை கண்ணில் படக்கூடாத ஒரு வரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அதாவது இதை எழுதும் இந்த நிமிஷம் வரைக்கும். அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். ராத்திரி கதவைத் தாழ்போட்டாயா?

நிற்க. நேற்று உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அருங்காட்சியகத்துக்குப் போய் உன் படத்தைப் பார்த்தேன். நவீன ஓவியம் என்றதும் முக்கோணம், வட்டம், மூன்று கண் உள்ள பெண் என்று ஏதாவது இருக்கும், புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டு வரலாம் என்று தைரியமாகத்தான் போனேன். போனால், நீ தனியாக அறை எடுத்துத் தங்கிப் படித்த காலத்தில் நான் எழுதிய கடிதங்களை எல்லாம் கிழித்து, கோணல்மாணலாக ஒட்டி, நீலச் சாயம் பூசி, சிவப்பு நூலால் தைத்து, சுவர் அகலத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறாய். ஊசி கையில் குத்தவில்லையே? வருகிறவர்கள் எல்லாம் நின்று படிக்கிறார்கள். 'கேஸை மூடினாயா' என்ற இடம் வந்ததும் ஒருத்தர் விடாமல் சிரிக்கிறார்கள். ஒரு அம்மா என்னிடமே திரும்பி, "அந்தப் பொண்ணு கடைசியில மூடினாளா இல்லையா?" என்று கேட்டார். "மூடியிருப்பா, பொறுப்பான பொண்ணு" என்றேன். மூடினாய்தானே?

அதெல்லாம் போகட்டும், என் மானம் போனால் போகிறது. இடது ஓரத்தில், கண்ணுக்கு நேராக ஒரு துண்டை ஒட்டியிருக்கிறாயே, 'உன் அத்தை வந்திருக்கிறாள், காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்' என்று, அதை ஒட்ட உனக்கு எப்படி மனசு வந்தது? அக்கா ஞாயிற்றுக்கிழமை தம்பி மகள் படத்தைப் பார்க்கப் போகிறாளாம், அதுவும் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு. காகிதத்துக்கு வெளிச்சம் ஆகாது என்று அந்த அறையில் விளக்கை மங்கலாக வைத்திருக்கிறார்கள், யாராவது தடுக்கி விழப்போகிறார்கள், ஆனா அந்த மங்கல்லயும் அந்த ஒரு வரி மட்டும் பளிச்சுன்னு தெரியுது. நான் என்ன பண்ணுவேன், முதுகால மறைச்சுக்கிட்டு நின்னேன். காவலர் வந்து, "சார், ரொம்ப நேரமா நிக்கிறீங்க, மத்தவங்களும் பாக்கணும்ல" என்றார். எழுதினவனே நான்தாங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அக்கா ஒரு தடவை மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா லேசுல இறங்காதும்மா. எனக்குன்னு கூடப் பொறந்தவ அவ ஒருத்திதான். அவ பேசாம போயிட்டா என்னால தாங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சட்டத்தைக் கழட்டச் சொல்லி, அந்தத் துண்டு மேல மட்டும் கொஞ்சம் சாயத்தைப் பூசிடு. கண்ணாடி கையை வெட்டிடப் போகுது, ஜாக்கிரதை. ஏணியில ஏறினா யாரையாவது பிடிச்சுக்கச் சொல்லு.

நீ பேரும் புகழுமாக, இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து, நீண்ட நாள் வாழ ஆசீர்வதிக்கும்,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அக்காவிடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கவில்லையாம், இன்று காலையே போய்ப் பார்த்துவிட்டாளாம். "பஞ்சு வச்சுக்கிட்டியாடா?" என்றாள். நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். "அத விடு. புள்ளைக்கு ஒரு சுவரு முழுக்க எழுதியிருக்க. நான் கல்யாணமாகிப் போய் இத்தனை வருஷமாச்சு, எனக்கு ஒரு வரி எழுதினியாடா?" என்று கேட்டாள். பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் போனை வைத்துவிட்டாள். அதனால் சாயம் எதுவும் பூச வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். ஒரு புதுத் தாளை எடுத்து 'அன்புள்ள அக்காவுக்கு' என்று எழுதிவிட்டேன். அவள் வீட்டு விலாசம் என்னிடம் இல்லை. உன் அம்மாவிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. உனக்குத் தெரிந்தால் உடனே அனுப்பு.