பாவா கடைப் பலகையில் எம்.பி.

பிள்ளைகளே, டில்லிப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் நாடாளுமன்றத்தையே நடத்தியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். திருத்தணி ரயில் நிலையத்துக்கு அருகே சைக்கிள் கடை வைத்திருந்த பாவா. தொண்ணூறுகளில் பக்கத்துச் சோடாக் கடை என்னுடையது.

கடை வாசலில் ஒரு கரும்பலகை. நம் தொகுதி எம்.பி. எத்தனை நாள் சபைக்குப் போனார், என்ன கேட்டார், எதற்கு ஓட்டுப் போட்டார் என்று பேப்பரையும் ரேடியோவையும் வைத்து பாவா எழுதிவிடுவார். பலகையைப் படிக்காதவன் டியூபுக்குக் காற்று கிடையாது.

"பாவா, சீக்கிரம் காத்தடி. ரயிலு வந்துகினு கீது!"

"ஆங், வரட்டும். நம்ம எம்.பி. என்னா மசோதா கொண்டாந்தாரு, சொல்லு."

எம்.பி. சொந்தமாகக் கொண்டுவந்த மசோதா ஒன்றே ஒன்று. அதையும் சபையில் எடுக்கவேயில்லை. "ரிப்பேருக்கு வுட்ட சைக்கிளு மாதிரி கெடக்குதுப்பா" என்று பாவா உண்மையாகவே வருத்தப்படுவார். சபையில் பெரும்பாலும் குரல் ஓட்டுதான் என்பதால், ஓட்டு என்ற இடத்தில் ஒரே வரிதான்: 'எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். இவர் கத்தினாரா, தெரியாது.'

வீட்டிலும் சபைதான். இருப்பதோ அவரும் மனைவியுமாக இரண்டே பேர். "கொழம்பு வேணும்ன்றவங்க 'ஆம்' சொல்லுங்க" என்பார். தானே "ஆம்" என்பார். அடுப்படியிலிருந்து அந்த அக்கா "இல்ல" என்பார். "இல்லை என்போரே அதிகம்" என்று அறிவித்துவிட்டு, பேசாமல் ரசத்துக்கு உட்கார்ந்துவிடுவார்.

ஒருமுறை கட்சிக்காரர்கள் வந்து பலகையை அழிக்கச் சொன்னார்கள். "தப்புன்னா காட்டு, அழிக்கிறேன். இல்லன்னா காத்தடிச்சிக்கினு போ" என்றார் பாவா. அன்றிலிருந்து பள்ளிப்பட்டு வரைக்கும் அவர் பலகைக்குத் தனி மதிப்பு. கடையில் அவருக்கு இருந்த சொத்தும் அந்தப் பேர்தான்.

அடுத்த தேர்தல் நெருங்கியது. மலைக்கோயிலில் கும்பிட்டுவிட்டு இறங்கிய எம்.பி. கடை முன்னால் ஜீப்பை நிறுத்தினார். நெசவாளர்கள் நூல் கிடைக்காமல் திண்டாடிய காலம் அது. பலகையில் பெரிதாக ஒரு வரி: 'கைத்தறி நூல் பற்றி வாய் திறக்கவில்லை.'

எம்.பி. கோபப்படவில்லை. "கமிட்டில சொன்னேங்க. அங்க பேசறது பேப்பர்ல வராது."

"அச்சுல காட்டுங்க" என்றார் பாவா.

கமிட்டி என்றால் என்ன தெரியுமா? பெரிய சபையில் எல்லாவற்றையும் அலச முடியாது என்று, கொஞ்சம் உறுப்பினர்களைத் தனி அறையில் உட்காரவைத்து ஆராயச் சொல்வார்கள். அதுதான்.

சில நாளில் எம்.பி. அனுப்பிய கமிட்டி அறிக்கை, ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகமாகத் தபாலில் வந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் படித்துச் சொன்னார். கடைசிப் பக்கத்தில், கைத்தறிக்காரர்களுக்கு நூல் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்று, கமிட்டியின் முடிவை ஏற்காமல் எம்.பி. தனியாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பாவா அன்று டீகூடக் குடிக்கவில்லை.

"இப்ப மாத்தினா நீ வெல போயிட்டேன்னு சொல்லுவாங்களே, பாவா" என்றேன்.

"ஆங், சொல்லுவாங்க. தப்பு காட்டினா அழிக்கிறேன்னு சொன்னது நான்தானேப்பா."

அழித்தார். 'கமிட்டியில் நூலுக்காக நின்றார். தெரியாமல் எழுதியது பாவா தப்பு' என்று இன்னும் பெரிதாக எழுதினார்.

நான் பயந்தபடியே ஆயிற்று. "என்னா பாவா, ஜீப்புல வந்து மடக்கிட்டாங்களா?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான். ஆர்.கே.பேட்டை நெசவாளர்கள்கூட வேறு கடைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தேர்தல் முடியும்வரை அந்த எழுத்தில் தண்ணீர் படாமல் பாவா பார்த்துக்கொண்டார்.

"சரி, நீ அவருக்குத்தான் ஓட்டுப் போட்டியா?" என்று கேட்டேன்.

"அது ரகசியம்பா. பலகைல வராது."

கோபித்துக்கொண்டு போனவர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். வந்ததும் அவர்களாகவே முதலில் பலகையைப் படித்தார்கள்.

பாவா போய்ச் சேர்ந்து சில வருடங்களாகின்றன. இப்போது எந்தக் கடையில் நிறுத்தினாலும், ஒரு கேள்வியும் கேட்காமல் காற்றடித்து அனுப்பிவிடுகிறார்கள். எனக்குத்தான், வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றுகிறது.