சிவப்பு டேப் பெண்களுக்கு, நீல டேப் ஆண்களுக்கு

மைக் செட்காரன் பாட்டுக் கேட்க மாட்டான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "உங்களுக்கென்ன, எல்லாக் கல்யாணத்துலயும் ஓசிக் கச்சேரி" என்பார்கள். பிரியாணி கிளறுகிறவனுக்குப் பசி எடுக்காத மாதிரி, மைக் கட்டுகிறவன் காதுக்கும் வேறு வேலை இருக்கும். எங்கே கொய்ங் என்று கூவுகிறது, எந்த ஒயர் கரகரக்கிறது, எந்தக் கிழவர் எதில் தடுக்கி விழப் போகிறார், இதுதான் எங்கள் கவனம். கொச்சி மட்டாஞ்சேரியில் நாற்பது வருஷம் மைக் கட்டினேன். பாடினவர்கள் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால்தான் பாடினார்கள்.

ஒரே ஒரு பாட்டை மட்டும் முழுதாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காக நான் செய்து வைத்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். என் வீட்டுக்காரி சுஹரா இதை என்னைவிட நன்றாகச் சொல்லுவாள். ஆனால் அவள் சொன்னால் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாக வருவேன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த ராவுத்தர்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், சண்டையில் ரெண்டும். எங்கள் சந்தில் சுக்கு வியாபாரம் செய்கிற சுலைமானின் அக்கா நபீசா. அவர்கள் அம்மா, தானே இட்டுக்கட்டி ஒரு பாட்டு வைத்திருந்தார். கப்பலேறிப் போனவனுக்கு ஒரு பெண் வீட்டுச் சேதியெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்புகிற பாட்டு. ஆடு குட்டி போட்டது, கிணற்றுக் கயிறு அறுந்தது, இப்படிப் போகும். புத்தகத்தில் கிடையாது, கேசட்டில் கிடையாது. அந்த வீட்டுப் பெண்களின் தொண்டையில் மட்டும்தான் இருந்தது.

எனக்குப் பதினெட்டு வயதில், அவர்கள் வீட்டு விசேஷத்துக்குக் குழாய் ஸ்பீக்கர், அதாவது ஹார்ன், கட்ட மாமரத்தில் ஏறியிருந்தேன். கீழே நபீசா பாட ஆரம்பித்தாள். ஹார்னுக்கும் என் காதுக்கும் ஒரு சாண் தூரம். (அப்படிக் கேட்டா காது செவிடாகணும். ஆகலை. அதுவே ஒரு அதிசயம்.) இறங்கத் தோன்றவில்லை. பாதிப் பாட்டில் முசுறு எறும்புக் கூட்டம் ஒன்று என் கைலிக்குள் நுழைந்தது. அதற்கப்புறம் நான் அவள் பாட்டைக் கேட்கவில்லை. தெருதான் என் பாட்டைக் கேட்டது. நான் கீழே வந்து விழுந்தபோது அவள் பாடி முடித்திருந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம், அப்புறம் ஷார்ஜா. கப்பல்காரனுக்கு அந்தப் பெண் கடைசியில் என்னதான் சொல்லி அனுப்பினாள்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே நாற்பத்தெட்டு வருஷம் ஓட்டினேன்.

(எனக்கு வேண்டியது பாட்டுதான், பாடினவ இல்லை. இதைச் சுஹராகிட்ட நூறு தடவை சொல்லியாச்சு. "சரி, சரி"ன்னு அவளும் நூறு தடவை சொல்லியாச்சு.)

நாலு வருஷத்துக்கு முன்னால் சுலைமான் மகளுக்குக் கல்யாணம். அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. விவரம் போதாத வயது. நபீசா ஷார்ஜாவிலிருந்து வந்திருந்தாள். முதல் நாள் மயிலாஞ்சி, அதாவது பெண்ணுக்கு மருதாணி இடுகிற விசேஷம். அதில் அசர் தொழுகைக்கு அப்புறம் அந்தப் பாட்டைப் பாடப் போகிறாள் என்று சுலைமானே வந்து சொன்னான். மறுநாள் நிக்காஹ் எர்ணாகுளத்தில் ஒரு ஹாலில். அங்கே ஹாலுக்கே சொந்தமாக மைக் உண்டு. சாயங்காலமே நபீசாவுக்கு விமானம். ஆக, எனக்கு இருந்தது ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு பொழுது.

தொழில் அதற்குள் என் மகன் ரியாஸ் கைக்குப் போயிருந்தது. என் பழைய ஹார்னை எடைக்குப் போட்டுவிட்டு, ஒரு செட்டுக்கு ரெண்டு ஆம்ப்ளிபயர், ரெண்டு வித ஸ்பீக்கர் பெட்டி என்று புதுசாக வாங்கி வைத்திருந்தான். அன்றைக்கு அவன் ஏலூரில் ஒரு பாக்டரி விழாவுக்கு இன்னொரு செட்டோடு போயிருந்தான். "நம்ம ஆளை அனுப்புறேன் அத்தா" என்றான். "வேண்டாம், நானே கட்டுறேன்" என்றேன். மத்தியானம் போனில் கூப்பிட்டான்.

"அத்தா, மிக்சருக்குப் பக்கத்துல கறுப்பா ஒரு டப்பா இருக்கில்ல, கிராஸ்ஓவர். அதுலேருந்து ரெண்டு ஒயர் வரும். சிவப்பு டேப் சுத்துனது சிவப்பு ஆம்ப்ல, நீலம் நீல ஆம்ப்ல. பெட்டிக்கும் அதே மாதிரி கலர் பாத்துக் குத்துங்க. அப்புறம் பெட்டி ரெண்டையும்..."

"டேய், உனக்கு மைக் பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்" என்று போனை வைத்துவிட்டேன்.

'பெட்டி ரெண்டையும்' என்பதற்கு அப்புறம் அவன் என்ன சொல்ல வந்தான் என்பது சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கறுப்பு டப்பா, வருகிற குரலை ரெண்டாக வகிர்ந்துவிடும். அடிக்குரல் ஒரு ஆம்புக்கு, மேல்குரல் இன்னொரு ஆம்புக்கு. பெரிய பெட்டி அடிக்குரலை மட்டும் பாடும், சின்னப் பெட்டி மேல்குரலை மட்டும் பாடும். ரெண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால்தான் ஒரு மனுஷர் பாடுகிற மாதிரி இருக்கும். இன்றைக்கு இதை நான் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன். அன்றைக்கு என் மூளை வேறு கணக்குப் போட்டது.

கல்யாண வீட்டில் என்ன? ஆண்களுக்கு ஒரு பந்தல், பெண்களுக்கு ஒரு பந்தல், நடுவில் துணித் தடுப்பு. என் காலத்தில் ஒரே ஹார்னை மரத்தில் கட்டி ரெண்டு பக்கத்துக்கும் ஒப்பேற்றுவோம். எந்த வீட்டுக்குப் போனாலும் பெண்கள் பக்கம் கேட்கவில்லை என்று சண்டை வரும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு புத்திசாலிகள்! ஆண்களுக்கு ஒரு ஆம்ப், பெண்களுக்கு ஒரு ஆம்ப் என்று செட்டையே பிரித்துச் செய்துவிட்டார்கள். அதிலும் யாரும் குழம்பக் கூடாது என்று சிவப்பு பெண்களுக்கு, நீலம் ஆண்களுக்கு! எனக்கு ரியாஸ்மேல் அன்றைக்குப் பொங்கிய பாசம் அவன் பிறந்த அன்றுகூடப் பொங்கியிருக்காது. கூட்டம் அதிகம் என்பதால் பெரிய பெட்டி ஆண்கள் பந்தலுக்கு. சின்னப் பெட்டியைச் சுமந்துகொண்டு போய்ப் பெண்கள் பந்தலில் வைத்து, தடுப்புக்கு அடியில் ஒயரை இழுத்துவிட்டேன்.

மைக்கில் "ஹலோ, ஹலோ" என்றேன். என் குரல் ஏற்கனவே பீடிக் குரல். பெரிய பெட்டியில் அது குகைக்குள்ளிருந்து சிங்கம் இருமுகிற மாதிரி வந்தது. "எந்தா ஒரு பேஸ் சவுண்டு! வல்லாத்த செட்டு, மைதீன்க்கா!" என்று சுலைமான் என் தோளில் தட்டினான்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சுஹரா, "ஏங்க, இங்க சத்தம் வருது, ஆனா காஞ்ச எண்ணெயில கடுகு போட்ட மாதிரி வருது" என்றாள்.

"புது செட்டு அப்படித்தான் இருக்கும். காதைப் பழக்கிக்க."

"அப்ப சரி. காதுமேலதான் தப்பு."

அசர் முடிந்தது. இறைச்சிப் பத்திரியும் சாயாவும் வலம் வர ஆரம்பித்தன. பொழுது சாய்கிற நேரத்தில்தான் பெண்கள் பந்தலில் நபீசா கையில் மைக்கைக் கொடுத்தார்கள். நான் மிக்சர் மேஜையை விட்டு நகர்ந்து, ஒரு நாற்காலியைப் பெரிய பெட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, மைக் செட்காரனாக இல்லாமல் விருந்தாளியாக உட்கார்ந்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. பெட்டியிலிருந்து வந்தது "ஊ... ம்... ஊ... ஓ..."

யாரோ கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பல் வலியில் முனகுகிற மாதிரி இருந்தது. மெட்டு தெரிகிறது, வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஓடிப்போய் ஆம்பைக் கூட்டினேன். முனகல் பெரிதானது. சாயாக் கிளாஸ்கள் மேஜைமேல் நடுங்கின. "மைதீன்க்கா, ஆரு, எருமையா பாடுது?" என்று ஒரு குரல். "பேசாம இருடா, அது எங்க அக்கா" என்று சுலைமான்.

பெண்கள் பந்தலில் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தடுப்பு ஓரமாக ஓடினேன். தட்டுகளை அந்தப் பக்கம் கொடுப்பதற்காகத் துணியில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். அங்கே ஒரே நெரிசல். பரிமாறுகிறவர்கள் ஐந்து பேர், ரெண்டு கையிலும் தட்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி மரம் மாதிரி நிற்கிறார்கள். பத்திரி ஆறிக்கொண்டிருக்கிறது. ஒருவரும் நகரவில்லை.

"என்னப்பா, வழியை விடுங்க."

"ஷ்ஷ்" என்றார் முன்னால் நின்றவர். "இங்க நில்லுங்க. இங்க மட்டும்தான் கேக்குது."

நின்றேன். இடது காதில் முனகல், வலது காதில் கடுகு. ரெண்டும் சேர்ந்து, அந்த ரெண்டடி இடைவெளியில், நபீசா பாடிக்கொண்டிருந்தாள். வயதான, கொஞ்சம் தழுதழுத்த, அதே குரல்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. ரெண்டு நிமிஷ வேலை. ஒயரைப் பிடுங்கி, சின்னப் பெட்டியை இந்தப் பக்கம் தூக்கி வந்து பெரிய பெட்டிமேல் வைத்தால் முடிந்தது. ஆனால் ஒயரைப் பிடுங்கினால் பாட்டு நிற்கும். அவளோ பாட்டில், எறும்பு என்னைக் கடித்த அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தாள். நாற்பது வருஷத்தில் செட் கெட்டுப்போய் நான் சும்மா நின்றது கிடையாது. அன்று நின்றேன். ஆண்கள் பந்தலில் என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள், நான் அசையவில்லை. எறும்பு கடித்த இடத்தைத் தாண்டினாள். ஒரு வரி. இன்னொரு வரி. முற்றத்து முருங்கை இந்த வருஷம் பூக்கவில்லையாம்.

பாட்டு நின்றுவிட்டது.

பெண்கள் பந்தலில் சலசலப்பு. கொஞ்ச நேரத்தில் சுஹரா அந்தத் தட்டுக்காரர்களை இடித்துக்கொண்டு இடைவெளிக்கு வந்தாள்.

"ஏங்க, நபீசா மைக்கைக் கீழ வெச்சிட்டா. தொண்டை போயிடுச்சு, வெறும் காத்துத்தான் வருது, இனிமே பாட மாட்டேன்னு அழுவுறா. என்ன செஞ்சு வெச்சீங்க?"

செட்டைச் சரி செய்யாமல் நான் நின்று கேட்ட ரெண்டு வரிக்கு, அவள் தன் குரலையே சந்தேகப்பட்டுவிட்டாள். அந்த நிமிஷத்தில் திரும்ப மாமரத்தில் ஏறி எறும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. துணியைப் பிடித்துக்கொண்டு, மைக் இல்லாமல், ரெண்டு பந்தலுக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"நபீசா! உன் தொண்டைக்கு ஒண்ணும் ஆகலை! தப்பு என் பேர்ல! உன் குரல்ல பாதியை நான் ஆம்பளைங்க பக்கம் வெச்சிட்டேன்!"

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து நபீசாவின் குரல் வந்தது.

"ஆரது? மாமரத்துல நின்னு கத்துன மைதீன்க்காவா?"

"ஆமா."

"இன்னும் கத்தறதை நிறுத்தலையா? படச்சவனே, நான் பயந்தே போயிட்டேன். சரி, என் மறுபாதி அங்க என்ன செய்யுது?"

"உம் உம்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

"ஆம்பளைங்களுக்கு அது போதும்" என்றாள். சந்தே சிரித்தது. என் மானம் போன சத்தத்தை அன்றைக்கு எந்தப் பெட்டியும் இல்லாமல் ரெண்டு பக்கமும் தெளிவாகக் கேட்டார்கள்.

பெட்டியைத் தூக்கிவந்து, பெரியதன்மேல் சின்னதை வைத்து, ஒயரைக் குத்தினேன். "ஹலோ" என்றேன். மனுஷக் குரல் வந்தது. அந்த நேரம் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். மைக்கை அணைத்தேன். தொழுதுவிட்டு வந்தால் மாப்பிள்ளை வீட்டார் மருதாணித் தட்டுகளோடு வாசலில் நிற்கிறார்கள். அப்புறம் இளவட்டப் பெண்களின் ஒப்பனா ஆட்டம், கைதட்டு, கூச்சல். நபீசா மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் எங்கேயோ போய்விட்டாள். மறுநாள் சாயங்காலம் விமானம் ஏறிவிட்டாள்.

அவளிடம் போனில் பாடி அனுப்பச் சொல்லலாமே என்று ரியாஸ் யோசனை சொன்னான். நான் எப்படிக் கேட்பது? சுஹராதான் கேட்டாள். "போன்ல பாடினா அது பாட்டா? உங்க வீட்டுக்காரரைப் பெட்டி ரெண்டையும் ஒண்ணா வெச்சிட்டுச் சொல்லச் சொல்லு, வர்றேன்" என்று பதில் வந்தது. பெட்டி ஒன்றாகத்தான் இருக்கிறது. அவள் இன்னும் வரவில்லை.

இடைவெளியில் நின்ற ஐந்து பேர் கையிலும் தட்டு இருந்ததால் அங்கே யாரும் பாட்டைப் பிடித்து வைக்கவில்லை. ஆனால் பாட்டு ஆரம்பித்தபோது நான் என் போனைப் பெரிய பெட்டிமேல் வைத்துப் பதிவு செய்திருந்தேன். அதே நேரம் பெண்கள் பந்தலில் சுஹராவும், மைக் செட்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாதா என்று, சின்னப் பெட்டியின் வாய்க்கு நேரே தன் போனை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. ஆக, பாட்டில் அடிப்பாதி என் போனில் இருக்கிறது, மேல்பாதி அவள் போனில் இருக்கிறது.

பெருநாள் அன்று சாப்பிட்டு முடித்ததும் ரெண்டு போனையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். ரியாஸ் "ஆம்பளைப் பக்கம் ரெடியா? பொம்பளைப் பக்கம் ரெடியா?" என்று கேட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுவான். நானும் சுஹராவும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, ஒரு மூச்சு நேரம், ரெண்டும் பொருந்தி நபீசா எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போனாள். மற்றபடி எப்போதும் சுஹரா போன் முன்னால் போகும், என் போன் "உம், உம்" என்று பின்னாலேயே போகும்.

"இதுக்கு எதுக்கு ரெண்டு போனு?" என்பான் ரியாஸ். "நீங்க ரெண்டு பேரும் பேசினாலே இப்படித்தானே இருக்கு."

வீடே சிரிக்கும். சுஹரா மட்டும் சிரிக்க மாட்டாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொள்வாள். விரலைப் போனுக்கு மேல் வைத்துக்கொண்டு, "நீ பேசாம இருடா" என்பாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்களும் விரலை வைங்க. முதல்லேருந்து."