லிஃப்டில் பிறந்த முடிவு

லிஃப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றபோதுதான், எஸ்டிமேட்காரர் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. ஒரு வீட்டுக்கு எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்ட் என்று கடைக்கால் தோண்டும் முன்பே சொல்லிவிடுவார். கடைசியில் ஒரு செங்கல்கூட மிஞ்சாது. அதனால்தான் அந்தப் பெயர். அப்பேர்ப்பட்டவர், ஆடாமல் அசையாமல் நின்ற லிஃப்டுக்குள், எதிரே ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தார். அடுத்த மாதத்திலிருந்து லிஃப்ட் பராமரிப்புக் கட்டணம் இரண்டு மடங்காம்!

"அநியாயம்!" என்று கத்தினார். மேலே எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது. அவ்வளவுதான் பதில்.

லிஃப்ட் ஒருவழியாக நகர்ந்து வெளியே வந்தவர், வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அறிவித்தார்.

"இந்த ஊருக்கு உழைச்சுக் கொட்டினது போதும். தண்ணிக்குக் காசு, குப்பைக்குக் காசு, பாதியில நிக்கிற லிஃப்டுக்கு டபுள் காசு! நான் ரிட்டயர் ஆகப்போறேன்."

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள். ஊசி குத்தியதே குத்துப்பட்டவருக்குத் தெரியாது. அவ்வளவு மெல்லிய கை.

"தாராளமா ஆகுங்க," என்றாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "எவ்வளவு வேணும்னு எஸ்டிமேட் போட்டீங்களா?"

உடனே உட்கார்ந்து போட்டார். வாடகை, சாப்பாடு, மின்சாரம், மருந்து.

"பல்லு சேர்த்தீங்களா?"

"எந்தப் பல்லு?"

"அறுபத்தெட்டு வயசாகும்போது வாயில எது மிஞ்சியிருக்குமோ அது."

பல்லைச் சேர்த்தார்.

"எத்தனை வயசு வரைக்கும் கணக்கு?"

"எழுபத்தெட்டு."

"எழுபத்தொன்பதுல?"

"அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட மாட்டேனா?"

"உங்க அப்பாவுக்குத் தொண்ணூத்தொண்ணு. நேத்துகூட நடந்தே போய் முடி வெட்டிக்கிட்டு வந்தார்."

அவருக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. இந்த விலைவாசியில் ஒரு மனிதர் இவ்வளவு ஆரோக்கியமாக இருக்கலாமா?

கூட்டிப் பார்த்தார். ரிட்டயர் ஆகலாம். எண்பத்து மூன்று வயதில்.

"பகல் கொள்ளை!" மேசையில் குத்தினார். கால்குலேட்டர் துள்ளியது. "வேலை செய்யத்தான் காசு குடுக்கமாட்டேங்கறாங்க. சும்மா உக்காரவுமா விடமாட்டாங்க?"

"கத்தாதீங்க. என் சம்பளம்தான் வருதே, அதைச் சேருங்க. அப்புறம் செலவைக் குறைங்க. பாத்திரம் தேய்க்க, வீடு பெருக்க ஆள் எதுக்கு? துணியை வெளியில எதுக்கு இஸ்திரிக்குப் போடணும்? நான் ஏன் கேன்டீன்ல சாப்பிடணும்? ஒருத்தர் வீட்டோட இருந்தா எல்லாமே மிச்சம்தானே?"

அவர் முகம் மலர்ந்தது. அந்தச் செலவுகளைச் சரக் சரக்கென்று கோடு போட்டு அடித்தார். மறுபடி கூட்டினார். போதும்! அடுத்த மாதமே போதும்!

"நில்லுங்க. அடிச்ச வேலையை எல்லாம் யார் செய்வாங்கன்னு எழுதலையே? ஆள் போடாத எஸ்டிமேட் செல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

சொல்வார்தான். 'வீட்டில் இருப்பவர்' என்று அழகாக எழுதினார். எழுதும்போது அவர் மனக்கண்ணில் நின்றவள் மனைவிதான். காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறவள்தான் அவள். ஆனால் இவர் மாலையில் மணியடித்தால் கதவைத் திறப்பவளும் அவள்தானே? இருபத்தாறு வருடப் பழக்கம் லேசில் போகுமா?

"கையெழுத்து?"

"இதோ!" போட்டார். "நான் கையெழுத்துப் போட்ட எஸ்டிமேட்டை என் முதலாளியே மாத்தினது கிடையாது, தெரியுமா?"

"தெரியுமே," என்றாள் அவள், காகிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியபடி.

ஓய்வின் முதல் திங்கட்கிழமை. ஒன்பது மணிவரை தூங்குவது என்று திட்டம். ஐந்து மணிக்கு விளக்கு எரிந்தது.

"எந்திரிங்க. ஆறு மணிக்கு எனக்கு டிபன் பாக்ஸ் ரெடியாகணும்."

"யாரைச் சொல்றே?"

"வீட்டில் இருப்பவரை."

"இது மோசடி! வீட்டில் இருப்பவர்னா நான் என்ன நினைச்சு எழுதினேன்னா…" என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை முடித்தால் காலைச் சாப்பாட்டோடு நிற்காது.

அன்றிலிருந்து அவர் பெருக்கினார், துடைத்தார், தேய்த்தார். ஒரு சட்டையையும் இரண்டு பாத்திரங்களையும் கருக்கினார். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்து, "அக்கிரமம்!" என்றார். அது புஸ்ஸென்று ஆவி விட்டது. இருபத்தாறு வருடம் ஆபீசில் ஓய்வெடுத்தது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறிப் பையோடு திரும்பி வரும்போது, லிஃப்ட் மறுபடியும் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றது.

அவர் கத்தவில்லை. பையை வைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பெருக்க வேண்டாம். துடைக்க வேண்டாம். அடுப்பில் எதுவும் பொங்கவில்லை. ஆகா! இதற்கு இரண்டு மடங்கு என்ன, மூன்று மடங்குகூடக் கொடுக்கலாம்!

"ஐயா, பயப்படாதீங்க! ஆள் வந்துக்கிட்டிருக்கு!" என்று கீழேயிருந்து காவலாளி கத்தினார்.

"அவசரமில்லப்பா. மெதுவா வரட்டும்," என்று கண்ணை மூடினார்.

மேலேயிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"என்னங்க, உள்ளேயா இருக்கீங்க? நல்லதாப்போச்சு. பையில பட்டாணி இருக்குல்ல, அங்கேயே உரிச்சு முடிச்சிடுங்க!"